தலைவர் என்று அச்சாகிவிட்டது

கலியாண அழைப்பிதழ்கள் சென்னையிலிருந்து வந்து இறங்கியபோது அவற்றில் எழுத்துப்பிழை எதுவும் இருக்கவில்லை. சண்முகலிங்கத்தின் பெயருக்குக் கீழே, தடவினால் விரலில் தட்டுப்படும் பொன்னெழுத்தில், "முன்னாள் கல்வி அதிகாரி, யாழ்ப்பாணம். தலைவர், ஹொல்ஸ்டெப்ரோ தமிழர் ஒன்றியம்" என்று தெளிவாகவே இருந்தது. தலைவர் தேர்தல்தான் இன்னும் நடக்கவில்லை.

"தேர்தல் முடியட்டும், பிறகு அடிப்பம் எண்டு சொன்னனான்," என்றார் மனைவி சரோஜினிதேவி.

"என்னோடை போட்டி போட ஆரிருக்கினம்? பழைய தலைவர் பேரப்பிள்ளையளோடை லண்டனுக்குப் போட்டார். உபதலைவர் நான்தானே. என்னை உபதலைவராக்கேக்கை எல்லாரும் கை உயர்த்தினவை."

"உயர்த்தாட்டில் சாப்பிட ரோல்ஸ் வராது எண்டு பயந்து உயர்த்தினது."

சண்முகலிங்கம் அழைப்பிதழ்ப் பெட்டியை மூடினார். மகள் மிதுஷாவுக்குச் சம்பந்தம் பேச வந்த நாளில் ஹோர்சன்ஸ் நகரத்து ஆனந்தராஜா, அதாவது மாப்பிள்ளையின் தகப்பன், கேட்ட கேள்வி அவருடைய நெஞ்சில் இன்னும் கிடந்தது. "எங்கட பக்கம் எல்லாரும் டொக்டர், எஞ்சினியர். உங்கட பேருக்குக் கீழை என்ன போடுறது?" சண்முகலிங்கம் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் தரை கழுவும் இயந்திரத்தை ஓட்டுகிறார். அதைப் பொன்னெழுத்தில் அடிப்பதில்லை.

அதனால்தான் கல்வி அதிகாரி. டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகருக்கு அகதியாக வந்து இறங்கிய யாழ்ப்பாணத்தவரில் ஒருவர்கூட ஊரில் சிறிய வேலை பார்த்ததில்லை. எல்லோரும் மனேஜர்கள், அதிபர்கள், கந்தோர்ப் பொறுப்பாளர்கள். இத்தனை அதிகாரிகளுக்கும் அங்கே யார் தேநீர் ஊற்றினார்கள், யார் பஸ் ஓட்டினார்கள் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் தன்னையும் கேட்பார்கள் என்ற பயம்.

சண்முகலிங்கம் யாழ்ப்பாணக் கல்விக் கந்தோரில் இருந்தது உண்மை. இருந்தார் என்பதைவிட நின்றார் என்பது சரி. பியோனுக்கு அங்கே கதிரை கிடையாது. இது சரோஜினிதேவிக்கு மட்டும் தெரியும்.

அன்று பின்னேரமே மாமாங்கம் வந்தான். மட்டக்களப்பான், முதியோர் இல்லத்தில் வேலை. ஊர்க்கதையைச் சுடச்சுடக் கொண்டுவருவது அவனுடைய பொழுதுபோக்கு.

"அண்ணன், கோணேசனும் தலைவருக்குப் பேர் குடுத்திட்டார்."

"எந்தக் கோணேசன்?"

"எங்கட ஊர் ஆள்தான். பிராண்டேயில இருந்து இஞ்ச மாறி வந்தவர். கூட்டத்தில கடைசி வரிசையில ஒண்ணும் பேசாம இருப்பாரே."

சண்முகலிங்கத்தின் கை அழைப்பிதழ்ப் பெட்டியின் மேல் போய் நின்றது. "ஊரிலை என்ன வேலை செய்தவராம்?"

"ரெஸ்ட் ஹவுசில சமையல்காரனாம்."

"நிச்சயமோ?"

"அவரே தன்ட வாயால சொன்னவர், அண்ணன்."

சண்முகலிங்கத்தின் முகம் மலர்ந்தது. தன் தலையில் தானே மண் அள்ளிப் போடுகிறவனோடுதானா போட்டி? அன்றே ஒன்றியத்தின் வாட்ஸ்அப் குழுவில், தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலில் ஒரு செய்தி போட்டார். "கல்வியைக் கையிலை வைச்சிருந்தவன் ஒருத்தன். கரண்டியைக் கையிலை வைச்சிருந்தவன் ஒருத்தன். சபைதான் யோசிக்கவேணும்."

சபை யோசித்தது. பெண்கள் பிரிவின் தங்கமலர் முதலில் பதில் போட்டார். "அப்ப இனிப் பொங்கலுக்கு ஆறின பீட்சா இல்லை எண்டுறியள். கடவுள் புண்ணியம்."

அதற்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. சண்முகலிங்கம் பார்க்கப் பார்க்க வந்துகொண்டே இருந்தன.

"சமையல்காரன் எண்டது காணாது," என்றார் மாமாங்கத்திடம். "களவு, கிளவு ஏதும் இருக்கோ எண்டு விசாரி."

மாமாங்கம் விசாரித்துக்கொண்டு வந்தான். ரெஸ்ட் ஹவுசுக்கு மந்திரி வந்த நாளில், மந்திரிக்கென்று வெட்டிய கோழிகள் முழுவதையும் கோணேசன் பின்கதவால் கொண்டுபோய் அகதி முகாமில் கொடுத்துவிட்டாராம். மந்திரிக்குப் பருப்புத்தான் போனதாம். கோணேசனை வேலையால் நிறுத்திவிட்டார்களாம்.

"ஆர் சொன்னது?"

"அவரேதான்."

சண்முகலிங்கம் இதையும் போட்டார். "அரசாங்கச் சொத்தைத் திருடி வேலை போனவர்" என்று தலைப்பும் கொடுத்தார். மறுநாள் சுப்பர்மார்க்கெட் வாசலில் ஆட்கள் அவரையே மறித்து, கோணேசனை எங்கே சந்திக்கலாம் என்று கேட்டார்கள். மந்திரிக்குப் பருப்புக் கொடுத்த மனிதரின் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டுமாம்.

மூன்றாவது செய்தி சண்முகலிங்கத்துக்குப் பெரும் நம்பிக்கை தந்தது. முதுகு வருத்தம், குனியவும் முடியாது என்று நகரசபையில் சொல்லி உதவிப்பணம் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்த காலத்தில், கோணேசன் கோயில் திருவிழாவில் காவடி எடுத்து ஆடியிருக்கிறார். தேர் சுற்றிவந்து இருப்புக்கு வரும்வரை ஆடியிருக்கிறார்.

"இது டென்மார்க் சட்டப்படி குற்றம்," என்று சண்முகலிங்கம் குழுவில் எழுதினார்.

"முருகன் முதுகைச் சுகப்படுத்தினது குற்றமெண்டால் அந்தச் சட்டத்தைத்தான் மாத்தவேணும்," என்று ஒருவர் எழுதினார். முதுகு வருத்தம் உள்ள இன்னும் பலர், அடுத்த வருடக் காவடிக்கு யாரிடம் பதிய வேண்டும் என்று விசாரித்தார்கள்.

சண்முகலிங்கம் அழைப்பிதழ்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். இரண்டு நாட்கள் யாரோடும் கதைக்கவில்லை. இவ்வளவு நீண்ட மௌனம் ஒரு மனிதனை அறிவாளியாக்கியிருக்கலாம். அவரை அது வேட்பாளராகவே வைத்திருந்தது.

"எனக்கு விளங்கீட்டுது," என்றார் மூன்றாம் நாள் மாமாங்கத்திடம். "சனத்துக்கு நல்லவன் தேவையில்லை. ஊழல் செய்தவன்தான் வேணும். என்னைப் பற்றி ஒரு ஊழலைப் பரப்பு."

"என்ன ஊழல் அண்ணன்?"

"கல்வி அதிகாரியா இருக்கேக்கை, ஏழைப்பிள்ளையளுக்காக ஓ.எல். சோதனைக் கணக்கு வினாத்தாளைக் களவாக வெளியிலை விட்டனான் எண்டு சொல்லு."

அடுத்த அறையிலிருந்து மகள் மிதுஷா எட்டிப் பார்த்தாள். "பின்லிட்," என்றாள். வெட்கக்கேடு என்பதற்கு டென்மார்க்கில் பிறந்த பிள்ளைகள் தாய் தகப்பனைப் பார்த்து அடிக்கடி சொல்லும் சொல் அது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

கதை பரவியது. கோழிக் கதையைவிட வேகமாகப் பரவியது. முதலில் வீட்டுக்கு வந்தவர் யேசுரட்ணம். அவர் இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டுகிறவர். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"எங்கட பள்ளிக்கு ஏன் அண்ணை தரேல்லை?"

"என்னத்தை?"

"கணக்கு வினாத்தாளை. நான் கணக்கிலைதான் ஃபெயில். அது பாஸ் பண்ணியிருந்தால் நான் கனடாவிலை காற்சட்டையிலை மடிப்பு வைச்சுக்கொண்டு திரிஞ்சிருப்பன். உங்களாலை இஞ்சை பண்டியோடை நிக்கிறன்."

சண்முகலிங்கம் அவசரமாகக் கூட்டிப் பார்த்தார். ஒரு வாக்கு போகிறது. "உங்கட பள்ளிக்கும் அனுப்பினனான், தம்பி. எல்லாப் பள்ளிக்கும்தான் அனுப்பினனான். வந்து சேரேல்லையோ?"

இந்த வார்த்தை அவர் வாயை விட்டுப் போனதுதான். அடுத்த நாள் தங்கமலர் தொலைபேசி எடுத்தார். "அப்ப நீங்கள்தானோ அந்தத் தாளை அனுப்பினது? அதை நம்பிப் படிச்சு எங்கட வகுப்பு முழுக்க ஃபெயில். ஒரு கணக்கும் அதிலையிருந்து வரேல்லை."

 அப்படி ஒரு தாளே இருந்ததில்லை. ஆனாலும் இல்லாத தாளைப் படித்து ஃபெயிலானவர்கள் ஹொல்ஸ்டெப்ரோவில் ஒவ்வொரு தெருவிலும் முளைத்தார்கள். தம் மூளையில் பழி போடாமல் நாற்பது வருடம் காத்திருந்தவர்களுக்கு, கடைசியில் ஒரு மனிதன் கிடைத்திருந்தான்.

ஹோர்சன்சிலிருந்து ஆனந்தராஜாவும் அழைத்தார். அவருடைய குரல் மிக மரியாதையாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"என்ர தம்பியும் அந்தக் காலத்திலைதான் கணக்கு ஃபெயில். அதை விடுங்கோ. அழைப்பிதழிலை அந்த முன்னாள் கல்வி அதிகாரி எண்டதை மறைச்சுவிடுவம். தலைவர் எண்டது மட்டும் இருக்கட்டும். அதுவும் இல்லையெண்டால் எங்கட சனத்துக்கு நான் என்னெண்டு சொல்லுறது? சனிக்கிழமை உங்கட கூட்டத்துக்கு நானும் வாறன்."

சண்முகலிங்கத்திடம் பொய் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. இனி உண்மையைத்தான் எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார். மனச்சாட்சி உறுத்தியதால் அல்ல. சமையல்காரனுக்கு வாக்கு விழுகிறது என்றால் பியோனுக்கு இன்னும் கூடுதலாக விழும் என்று கணக்குப் போட்டார். உண்மையையும் ஒரு தந்திரமாகவே அவரால் பாவிக்க முடிந்தது.

சனிக்கிழமை வாடகை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஆனந்தராஜா கோட்டுடன் இருந்தார். பக்கத்தில் சரோஜினிதேவி. கோணேசன் வழமைபோலக் கடைசி வரிசையில்.

கோணேசனைப் பேசக் கூப்பிட்டார்கள். அவர் மெதுவாக எழுந்தார். "எனக்குப் பேச்செல்லாம் வராது. உங்களுக்குச் சமைச்சுப் போடுறதெண்டால் சமைச்சுப் போடுறன்."

"என்ன சமைப்பியள்?" என்று தங்கமலர் கேட்டார்.

"நீங்க கேக்கிறத." இருந்துவிட்டார். கைதட்டல் நிற்கவே இல்லை.

சண்முகலிங்கம் மேடையேறினார். ஒலிவாங்கியைத் தள்ளி வைத்தார். உண்மைக்கு அது தேவையில்லை என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தார்.

"நான் கல்வி அதிகாரி இல்லை. அந்தக் கந்தோரிலை பியோன். அதிகாரிமாருக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுத்தனான். எனக்குக் கதிரை இருக்கேல்லை. சுவரோடை நிண்டனான். வினாத்தாள் ஒண்டையும் நான் கண்ணாலையும் காணேல்லை."

மண்டபம் அடங்கிப்போனது. சுவரோரம் வெப்பமூட்டியில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.  சண்முகலிங்கத்துக்கே எதிர்பாராத விதமாக, அந்தக் கந்தோர்ச் சுவரின் குளிர் முதுகில் திரும்ப வந்து தொட்டது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு சபையின் முன் அவர் அவராகவே நின்றார். அந்த மௌனம் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் அவர் திருந்தியும் இருக்கலாம்.

யேசுரட்ணம் எழும்பினார்.

"பாத்தியளே? கோணேசண்ணை சமையல்காரன் எண்டவுடனை இவர் பியோனாகீட்டார். அடுத்த முறை கக்கூஸ் கழுவினவர் ஆரும் தேர்தலிலை நிண்டால் இவர் அதுக்கும் கீழை இறங்குவார்."

மண்டபம் சிரித்தது.

"பியோனுக்கு இந்த வண்டி வயிறு வராது," என்றது ஒரு குரல்.

"நடையைப் பாத்தாலே தெரியுது, அதிகாரிதான்," என்றது இன்னொன்று. "வினாத்தாள் வித்த அதிகாரி."

"உண்மையாத்தான் சொல்லுறன்," என்றார் சண்முகலிங்கம். குரல் கெஞ்சியது. "சரோ, நீ எழும்பிச் சொல்லு. நான் பியோன்தானே?"

எல்லோரும் சரோஜினிதேவியைப் பார்த்தார்கள். சரோஜினிதேவி ஆனந்தராஜாவைப் பார்த்தார். ஆனந்தராஜா தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"அவருக்கு ரெண்டு மூண்டு நாளாச் சுகமில்லை," என்றார் சரோஜினிதேவி. "அவர் அதிகாரிதான்."

வாக்குச் சீட்டுகளை எண்ண அதிக நேரம் எடுக்கவில்லை. சண்முகலிங்கத்துக்கு விழுந்தவற்றை எண்ண ஒரு கையே கூடுதலாக இருந்தது. தன் வாக்கைக் கழித்துவிட்டு மற்றது யாருடையது என்று யோசித்தார். நிச்சயமாக மனைவியுடையது அல்ல. சரோஜினிதேவியே காதோடு அதைச் சொல்லிவிட்டார்.

ஆனந்தராஜா கோட்டுப் பையிலிருந்து அழைப்பிதழை எடுத்தார். "தலைவர்" என்ற சொல்லை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"நல்ல அச்சு," என்றார். "போகாது." அழைப்பிதழைத் திரும்பப் பைக்குள் வைக்காமல், பக்கத்துக் கதிரையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கார்ச் சாவியைத் தேடினார்.

சண்முகலிங்கம் யாருடைய கண்ணிலும் படாமல் மண்டபத்தின் குசினிக்குள் போனார். அங்கே கோணேசனின் மனைவி இராசலட்சுமி தனியாக நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் எதுவும் கேட்காமல் ஒரு கோப்பையை இவரிடம் நீட்டினார். பிறகு இன்னொன்றை ஊற்றினார்.

"இத எங்கட அவரிட்டக் குடுத்திருங்க, அண்ணன். அங்க இருந்து பாத்துக்கொண்டிருப்பார்."

சண்முகலிங்கத்தின் கை பழைய பழக்கத்தில் கோப்பையை வாங்கியது. ஒரு துளியும் சிந்தவில்லை. மனம்தான் எரிந்தது. "ஏன், உங்கட சமையல்காரர் குசினிக்குள்ளை வந்து எடுக்கமாட்டாரோ?"

இராசலட்சுமி சிரித்தார்.

"சமையல்காரரா? அவருக்குத் தண்ணி சுடவைக்கவும் தெரியாது, அண்ணன். மட்டக்களப்பில அவர்தான் கல்வி அதிகாரி. தேத்தண்ணியும் பியோன் கொண்டுவந்து கையில குடுத்தாத்தான் குடிப்பார்."