நான் தலையாட்டியது பற்றி

தலைநகர்,
வெள்ளி காலை

மதிப்பும் பாசமும் மிக்க ஆர்மான் மாமாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் கோலெட் பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதினால் அது பொய். அங்கே நீங்களும் இவெட் அத்தையும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. ஆனால் அத்தை நேற்று மாலை வானொலி கேட்டிருந்தால் அதற்கும் வழியில்லை. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் எடுத்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. நீங்கள் ஏதோ விளம்பரக் கம்பெனி என்று நினைத்துத் திட்ட ஆரம்பித்தீர்கள். நடுவில் போனை வைப்பது மரியாதையில்லை என்று கடைசிவரை கேட்டேன். அது நான்தான் மாமா.

விஷயம் இதுதான். சின்னப் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டுப் பிள்ளைகளை மலைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் அனுப்பும் மசோதா நேற்று சட்டமன்றத்தில் ஒரே ஒரு வாக்கில் நிறைவேறிவிட்டது. நம் ஊர்ப் பள்ளியும் அதில் போகிறது. நான் படித்த பள்ளி, அத்தை சமைக்கிற பள்ளி. நான் எதிர்த்து வாக்களித்திருந்தால் இரண்டு பக்கமும் சமமாகி மசோதா விழுந்திருக்கும். நான் வாக்களிக்கவில்லை. அவையில்தான் இருந்தேன். உடம்புக்கும் ஒன்றுமில்லை.

எப்படி இப்படி ஆயிற்று என்று ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். உங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், ஆனால் இதன் ஆரம்பம் உங்கள் சமையலறை மேசைதான். "பேரு மட்டும் குடு கோலெட், வேற ஒண்ணும் வேணாம். ஓட்டுச் சீட்டுல நம்ம மலைநாட்டுக் கட்சி பேரே வரலைன்னா பதிவு போயிரும். நீ என்ன ஜெயிக்கவா போறே?" என்றீர்கள். எனக்கு மறுக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆளுங்கட்சி வேட்பாளரும் எதிர்க்கட்சி வேட்பாளரும் பனி வாரும் வண்டி யார் வீட்டுப் பாதைக்கு முதலில் வந்தது என்று தொடங்கி, இலையெல்லாம் உதிர்ந்து முடியும்வரை ஒருவர் குடும்பத்தை ஒருவர் சந்திக்கு இழுப்பார்கள் என்று நாம் இருவரும் எதிர்பார்க்கவில்லை. ஊர் வெறுத்துப்போய் மூன்றாவது பெயரில் குறி போட்டது. தீவனக் கடை வெல்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னப் பத்தி யாருக்கும் ஒண்ணுமே தெரியாதும்மா, அதான் போட்டோம்" என்றார். அப்பா பால் கறக்கும் கொட்டகையிலிருந்து வெளியே வந்து, "நம்ம வீட்டுல மொத மொத காலேஜ் போனது நீ. அதுக்குப் பலன் இதுவா?" என்றார். பெருமையாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

இங்கே வந்த பிறகு தெரிந்தது, எந்தக் கட்சிக்கும் ஒரு சட்டமன்றக் கட்சித் தலைவர், ஒரு கொறடா, உறுப்பினர் கூட்டம் எல்லாம் இருக்க வேண்டுமாம். நம் கட்சிக்கு மூன்றும் நான்தான். கூட்டம் நடத்த ஒரு அறை ஒதுக்கினார்கள். அதில் துடைப்பங்களும் ஒரு நாற்காலியும் இருந்தன. முதல் வாரம் ஒரு நிருபர் வாசலிலேயே மடக்கி, சாலை மசோதாவில் உங்கள் கட்சி என்ன முடிவு எடுத்திருக்கிறது என்று கேட்டார். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. "இன்னும் ஒருமித்த கருத்து வரலை" என்று சொல்லிவிட்டு ஓடினேன். மறுநாள் "மலைநாட்டுக் கட்சியில் பிளவா?" என்று தலைப்பு. நீங்கள் போன் செய்து, "யாருடி அந்தத் துரோகி? பேரைச் சொல்லு!" என்று கத்தினீர்கள். அப்போதே நான் விலகியிருக்க வேண்டும்.

தொகுதி வேலையையாவது ஒழுங்காகப் பார்ப்போம் என்று, முன்பு இருந்தவர்கள் செய்தபடி சனிக்கிழமை காலைகளில் ஊர்க் குப்பைக் கிடங்கில் போய் நின்றேன். எல்லாரும் வீட்டுக் குப்பையோடு அங்கேதானே வருகிறார்கள். மக்கள் குறை கேட்க நின்ற என்னிடம் மக்கள் குறையைச் சொல்லவில்லை, குப்பையைத்தான் கொடுத்தார்கள். கார்ல் டுவாயன் பழைய வாஷிங் மெஷினோடு வந்து, "நீங்கதானே நம்ம எம்.எல்.ஏ? நல்லதாப் போச்சு, அந்த முனையைப் புடிங்க" என்றார். பிடித்தேன். அதற்குப் பிறகு வாரா வாரம் கனமான சாமான்களை எனக்காகவே எடுத்து வைத்தார்கள். இதையெல்லாம் சொல்வது சிரிக்கவைக்க இல்லை மாமா. கேட்டால் செய்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று, அதற்காகத்தான்.

இனிதான் நேற்றைய கதை. இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு உறுப்பினர் வர முடியாவிட்டால், தனக்கு எதிராக வாக்களிக்கக்கூடிய ஒருவரிடம் போய், "நான் இல்லாத நாள் நீங்களும் ஓட்டுப் போடாம இருங்க, கணக்கு சரியாப் போயிரும்" என்று கேட்கலாம். இதற்கு ஜோடி சேருவது என்று பெயர். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை, ஒரு தலையாட்டல் போதும். ஆனால் தலையாட்டிவிட்டு மீறியவரிடம் அதன் பிறகு யாரும் பேசமாட்டார்கள், காபி வரிசையில்கூட இடம் விடமாட்டார்களாம். செவ்வாய்க்கிழமை கோட்டு மாட்டும் இடத்தில் ஆளுங்கட்சி லைல் பிக்ஃபோர்ட் என்னைப் பிடித்தார். வடக்கே மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறாரே, அவர்தான். "ஏம்மா, வியாழக்கிழமை எனக்கு ஜோடி சேருவியா? பசு கன்னு போடற நேரம். போன தடவையே கன்னு தலைகீழாத் திரும்பி வீட்டுக்காரி ஒத்தையாத் தவிச்சா" என்றார். வியாழக்கிழமை பட்டியலில் பாலங்களுக்குப் பெயிண்ட் அடிப்பது மட்டும்தான் இருந்தது. பசுவின் நிலைமையை அப்பாவின் மகளிடம் சொன்னால் என்ன செய்வாள்? தலையாட்டினேன்.

வியாழன் காலை பள்ளி மசோதாவை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். பாலம் பின்னால் போய்விட்டது. ஆளுங்கட்சிக்காரர்கள் எல்லாரும் ஆதரிப்பார்கள், லைலும் அதில் ஒருவர் என்று நினைத்தேன். வழி இல்லாமலில்லை. எழுந்து, "என் வாக்கு கட்டுப்பட்டிருக்கிறது, ஒரு நாள் தள்ளி வையுங்கள்" என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும், தள்ளியிருப்பார்கள். பக்கத்து இருக்கை மிஸஸ் ஓர்டுவே, "எழுந்திரும்மா, சொல்லு, யாரும் கடிக்கமாட்டாங்க" என்று முழங்கையால் இடித்தார். எழுந்தேன். அவை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. இத்தனை மாதத்தில் நான் எழுந்து நின்றது அதுவே முதல் முறை. வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. சபாநாயகர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ரொம்பக் கனிவாக, "உறுப்பினர் கழிவறைக்குப் போய் வரலாம், இதற்கெல்லாம் அனுமதி தேவையில்லை" என்றார். போனேன் மாமா. வேறு என்ன செய்வது? திரும்பி வந்து உட்கார்ந்தபோது வாக்குக்குப் பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். "தெபோ" என்று நம் வீட்டுப் பெயர் வந்ததும் "ஜோடி" என்று முணுமுணுத்தேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது.

அத்தையின் வேலை போகும். நம் தெருப் பிள்ளைகள் பனி உருகும் சேறு காலத்தில் இருட்டோடு கிளம்பி அந்த மலைப்பாதையில் போக வேண்டும். ஊரிலேயே படித்த பெண் என்று அனுப்பினீர்கள். படிப்பு எனக்கு உட்காரத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது. நான் அங்கே படித்தபோது மதியச் சாப்பாட்டு வரிசையில் அத்தை எனக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டு, "சத்தம் போடாம இருக்கிற பிள்ளைக்கு யாரும்மா போடுவா" என்பார். அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. ஆகவே நான் பதவி விலகுகிறேன். இதையே விலகல் கடிதமாக எடுத்துக்கொண்டு கட்சிக் கூட்டத்தில் வாசித்துவிடுங்கள். அடுத்த முறை சீட்டில் போட, கேட்டதும் மறுக்கத் தெரிந்த யாரையாவது பாருங்கள். அத்தையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம், அவர் கேட்காவிட்டால்.

அத்தைக்கு என் அன்பு, அவர் வாங்கிக்கொண்டால். வெல்மாவுக்கு வணக்கம். கார்ல் டுவாயனிடம், இந்தச் சனிக்கிழமை குளிர்பெட்டியைத் தூக்க வேறு ஆள் பார்க்கச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள் பணிவுள்ள,
கோலெட்

பி.கு.: மாமா, மேலே உள்ளதை யாரிடமும் வாசிக்க வேண்டாம். தபால் பெட்டிவரை போய்விட்டுத் திரும்பினேன். சட்டமன்றப் படிக்கட்டில் லைல் பிக்ஃபோர்ட், சட்டையெல்லாம் வைக்கோல். கிடேரிக் கன்றாம். வாழ்த்துச் சொல்லிவிட்டு நழுவப் பார்த்தேன். விடவில்லை. "ஏம்மா, உனக்குக் கொஞ்சமாவது இருக்கா? அந்த மசோதால எங்க ஊரு பள்ளிக்கூடமும் போகுது! நானும் எதிர்த்துதான் போட்டிருப்பேன். நீயும் எதிர்ப்பு, நானும் எதிர்ப்பு, இதுல என்ன ஜோடி? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?" என்றார். நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நான் அவமானப்பட்டு முடித்ததெல்லாம் வீண். இனி வேறு காரணத்துக்காக முதலிலிருந்து அவமானப்பட வேண்டும். மறுநாளே மறு வாக்கெடுப்புக் கேட்கலாமாம். ஆனால் அவையில் இருந்து வாக்களிக்காதவர்தான் கேட்க முடியும், அப்படி இருந்தது நான் ஒருத்தி. கேட்டுவிட்டேன். எழுந்து, சத்தமாக. மிஸஸ் ஓர்டுவே என் பாவாடையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார், உட்கார்ந்துவிடக் கூடாது என்று. செவ்வாய்க்கிழமை மறு வாக்கெடுப்பு. நானும் லைலும் எதிர்த்துப் போட்டால் மசோதா விழுந்துவிடும். அத்தை வேறு வேலை தேட வேண்டாம். வெளியே வந்ததும் மசோதாவை ஆதரிக்கும் ஒரு வயதான அம்மா, செவ்வாயன்று பல் டாக்டரிடம் போக வேண்டும், ஜோடி சேருவாயா கண்ணே என்று கையைப் பிடித்தார். கன்னம் வீங்கித்தான் இருந்தது. "முடியாதும்மா" என்றேன். பிறகு அவர் பின்னாலேயே ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன், கைப்பையை வாங்கிக்கொண்டேன், கார்வரை கொண்டுபோய் விட்டேன். கதவை மூடுமுன் இன்னொரு முறை கேட்டார். அப்போதும் முடியாது என்றுதான் சொன்னேன்.