ஸ்டெல்லாவின் ஓவியத்துக்கு நான் சொன்ன விளக்கவுரை

தெரியாத விஷயத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு சரளமாக வரும். தெரிந்த விஷயம் என்றால் திணறுவேன். (அப்பா திணறி நான் பார்த்ததே இல்லை என்பாள் என் மகள்.)

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால், என் மனைவி ஸ்டெல்லா சனிக்கிழமைகளில் கேளம்பாக்கம் போய் ஓவியம் கற்றுக்கொண்டிருந்தாள். தாம்பரத்தில் கணக்கு டீச்சர். என்ன வரைகிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த வகுப்பு எங்கள் சர்ச் ஹாலில் கண்காட்சி வைத்தபோதுதான் அவள் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன்.

பிளாஸ்டிக் நாற்காலியில் பனியனோடு ஒரு ஆள், நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். ஆள் அச்சு அசல். ஆனால் அவரைச் சுற்றி வீடு இல்லை, தெரு இல்லை. நீலமும் காவியும் சாம்பலுமாக வெறும் வண்ணத் தீற்றல்கள்.

"பேக்ரவுண்டை முடிக்கலையா?" என்று யாரோ கேட்டார்கள். ஸ்டெல்லாவின் முகம் சுருங்கியது. இன்னும் ஒருவர் கேட்டால் போதும், பிரஷ்ஷையெல்லாம் மூட்டைகட்டிப் பரணில் போட்டுவிடுவாள். அவள் சுபாவம் அப்படி. அவளைக் காப்பாற்றக் களத்தில் குதித்தேன்.

"இது மாடர்ன் ஆர்ட்," என்றேன். (என் கையிருப்பே அந்த இரண்டு வார்த்தைதான்.) "இந்த மனுஷனைப் பாருங்க. கழுத்துலயே தலைக்கனம் தெரியுது. வீட்டுல இருக்கறவங்க என்ன செய்றாங்கன்னு ஒருநாளாவது திரும்பிப் பார்த்திருப்பாரா? சுத்தி இருக்கற குழப்பம் எல்லாம் அவரோட மூளை!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாஸ்டர் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆஹா, பேச்சு எடுபடுகிறதே என்று இன்னும் பத்து நிமிஷம் அந்த ஆளை வறுத்தெடுத்தேன்.

கடைசியில் பொறுக்கமுடியாமல் முன்னே வந்தவர் பாபு. பீர்க்கன்கரணையில் சலூன் வைத்திருப்பவர், எனக்கு முடிவெட்டுகிறவர். தன் மகள் வரைந்த படத்தைப் பார்க்க வந்திருந்தார்.

"இன்னா சார் நீங்க! இது உங்க மண்டை சார். மாசாமாசம் பாத்துகினு கீறேன், எனக்குத் தெரியாதா? இதோ ரெட்டைச் சுழி. காதாண்ட மச்சம் வேற கீது!"

என் கை தானாகப் பிடரிக்குப் போனது. ஹாலே அதிர்ந்தது.

சிரிப்பு அடங்கியபின் படத்தைப் பார்த்தேன். அப்போதுதான் நிஜமாகவே பார்த்தேன். இடது தோள் லேசாகச் சரிந்திருந்தது. பனியனில் ஒரு சின்னக் கிழிசல். என் முதுகு இப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. இதையெல்லாம் ஒருத்தி எத்தனை சாயங்காலம் உற்றுப் பார்த்திருக்க வேண்டும்! மலைத்துப்போய் நின்றேன்.

"சுத்தி ஏன் ஒண்ணுமே வரையலை?" என்று ஸ்டெல்லாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"பால்கனியில உக்காந்து அப்படி என்னத்தைப் பார்ப்பீங்கன்னு எனக்குத் தெரியாதே. நீங்க சொன்னதே இல்லை. தெரிஞ்சதை மட்டும் தெளிவா வரைஞ்சேன்."

அந்த நீலத்தையும் காவியையும் இன்னொரு முறை உற்றுப் பார்த்தேன்.

ஸ்டெல்லா அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு படம் வரைந்துவிட்டாள். என் முதுகு எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கு அதை விளக்கலாமே என்று நான் தொண்டையைச் செருமினால் போதும், மகள் போனைக் கையில் எடுத்துவிடுவாள்.

"அப்பா, பாபு அண்ணனைக் கூப்பிடட்டுமா?"