கோஸ்தான் போகாத டன்மோர்

நான் விற்கப்போன முதல் காரை, அதை வாங்க வந்தவரின் கண்ணெதிரிலேயே, பூசை போட்டு அரை மணி நேரம் ஆவதற்குள் சாக்கடையில் இறக்கியவன் நான். (இறக்கியது நாற்பது பேர் சேர்ந்து. ஆனால் காருக்குள் உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான்.) இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி சொல்லுவாள். அவள் சொல்லச் சொல்லச் சாக்கடையின் ஆழம் கூடிக்கொண்டே போகும். கடைசியாக அவள் சொல்லிக் கேட்டபோது நான் கழுத்தளவு சேற்றில் நின்றேன். உண்மையில் முழங்கால் அளவுதான்.

டன்மோர் என்று ஓர் அமெரிக்கக் கார் இருந்தது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அப்போது ரப்பர் விலை ஏறிக்கிடந்தது. சிங்கப்பூரிலிருந்து கடற்பாலம் வழியாக ஜொகூர் பாருவுக்குக் கார்கள் வந்தவண்ணம் இருந்தன. துரைமார்கள் இங்கிலீஷ் கார் வைத்திருந்தார்கள். கைக்கு அடக்கமாக வேண்டும் என்பவர்கள், தகரத்தில் தட்டிய மாதிரி ஒரு கறுப்பு வண்டியை வாங்கினார்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றது டன்மோர். துரை மாதிரி போக வேண்டும், ஆனால் துரைக்குக் கண் உறுத்தக் கூடாது என்று நினைக்கிறவர்களுக்காகவே செய்தது போல இருக்கும். பெரிய கங்காணிகள், ஆஸ்பத்திரி டிரஸ்ஸர்கள், மளிகைக்கடை முதலாளிகள் எல்லாம் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். மூக்கின் மேல் வெள்ளியில் ஒரு மான், முன்கால் தூக்கிப் பாய்ந்துகொண்டிருக்கும்.

கடையின் தவுக்கே, அதாவது முதலாளி, என்னை மூன்று மாதத் தவணையில் வேலைக்கு வைத்திருந்தார். அதற்குள் ஒரு காராவது விற்க வேண்டும். விற்காவிட்டால் என் அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்த அன்னாசி ஃபேக்டரியில் பழம் சீவப் போக வேண்டும். இரண்டு மாதம் இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. நான் விற்றிருந்தது சைபர். அப்பா எனக்காக ஒரு கத்தியைத் தீட்டி வைத்திருந்தார். (விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கைப்பிடியில் என் பெயரைக்கூடக் கீறியிருந்தார்.)

அந்த நேரத்தில்தான் முத்தையா கங்காணி கடைக்குள் வந்தார். சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு தோட்டத்தில் முந்நூறு பேருக்குப் பெரிய கங்காணி. கூடவே அவர் மகள் பவளம். கங்காணி காரைச் சுற்றி வந்து, கதவை மூடித் திறந்து, சீட்டில் கால் மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தார். எனக்கோ அன்னாசி வாடை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாததால் மானைப் பற்றி நிறையப் பேசினேன்.

"இந்த மான் பாயறதைப் பாத்தீங்களா ஐயா, முன்னாலதான் பாயும். டன்மோர் பின்வாங்காத வண்டி" என்றேன்.

கங்காணி கண்ணைத் திறந்தார். "அப்படின்னா கோஸ்தானே போகாதா?"

கார் பின்னால் போவதை எங்கள் பக்கம் கோஸ்தான் என்போம். போகும் ஐயா, எல்லாக் காருக்கும் உள்ளதுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உண்மை என்னவென்றால், கார் ஓட்டப் பழகி எனக்குப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. முன்னால் நன்றாகவே ஓட்டுவேன். கோஸ்தான் போட்டால் கார் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போவோம். அதனால், "அதுக்கெல்லாம் தேவையே வராதுங்க ஐயா" என்றேன். பவளம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை.

கங்காணி ஒரு நிபந்தனை போட்டார். காரைத் தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மாரியம்மன் கோயிலில் பூசை போட்டு, அங்கிருந்து அவர் வீடு வரை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் காரை நான் திரும்ப ஓட்டிக்கொண்டு போகலாம். கோயிலிலிருந்து வீடு ஒன்றரை மைல். ஒன்றரை மைலில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டமே கோயிலில் கூடியிருந்தது. நான் வெள்ளை டிரில் கோட்டும், தலையைவிடப் பெரிய ஒரு தொப்பியும் போட்டிருந்தேன். மானுக்கு மாலை, விளக்குகளுக்குச் சந்தனப் பொட்டு, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம். பூசாரி சூடம் காட்டி முடித்ததும் கங்காணி அவர் காதில் ஏதோ சொன்னார். பூசாரி உரக்கச் சொன்னார்: கங்காணியின் வண்டி அம்மன் சந்நிதியில் வைத்த முதல் அடி முன்னால்தான், ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், இந்த வண்டி ஓர் அடிகூடப் பின்னால் போகாது. கங்காணி சூடத்தில் கையடித்துச் சத்தியம் செய்தார். முந்நூறு பேரும் பார்த்தார்கள். எனக்கு அம்மன் மீது அளவில்லாத பக்தி பொங்கியது. நாற்பத்தெட்டு நாள் யாரும் என்னைக் கோஸ்தான் போடச் சொல்லமாட்டார்கள் அல்லவா?

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. துணிக்கூரையை மடக்கிவிட்டு, பின் சீட்டில் கங்காணியும் பவளமும் இருக்க, மேளத்தோடு கூட்டம் பின்னால் வர, மெதுவாக ஓட்டினேன். தோட்டத்துச் சடக்கு ஒரு வண்டி போகிற அகலம்தான். செம்மண் பாதை, இரண்டு பக்கமும் சாக்கடை, அதற்கப்பால் ரப்பர் பால்மரங்கள். முக்கால் மைல் போயிருப்போம். வளைவைத் தாண்டினால் எதிரே தோட்டத்துத் துரையின் கார் நிற்கிறது.

துரை எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்க வேண்டும். குடை பிடித்தவன் மடக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு நடை வருவதற்கு முன்பே இது தெரியும். காரில் போகிறவன் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கவில்லை, ஏனென்றால் அதுவரை துரையைத் தவிர யாரும் காரில் போனதில்லை. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் விளங்கியது. துரை ஹாரனை அடித்தார். மேளம் நின்றது.

கங்காணியின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். இருபது வருஷமாகத் துரை சொல்லைத் தட்டாதவர். கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் அம்மனுக்குக் கையடித்துக் கொடுத்தவர். அவருக்கு வேர்த்து ஊற்றியது. கையெழுத்தும் அந்த வேர்வையோடு ஒழுகிப் போவதைக் கண்டு, நான் இறங்கித் துரையிடம் போனேன்.

துரை தோட்டத்துத் தமிழ் பேசுவார். எல்லோரிடமும் ஒரே மரியாதைதான், அதாவது இல்லாத மரியாதை. "வண்டி பின்னாடி போ" என்றார்.

"இந்த வண்டி பின்னாடி போகாது, துரை."

"ரிப்பேரா?"

"இல்ல துரை. நேர்த்திக்கடன்."

துரை என்னைத் தொப்பியிலிருந்து ஷூ வரை பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் காட்டி ஐந்து விரலை விரித்தார். ஐந்து நிமிஷம் என்று அர்த்தம்.

வழி கண்டுபிடித்தவர் கங்காணிதான். தூக்கினால் கோஸ்தான் ஆகாது. காரை ஆட்கள் தூக்கி, மூக்கைக் காட்டுப் பக்கம் திருப்பி, சாக்கடையைத் தாண்டி மரத்தடியில் வைத்துவிட்டால் துரை போய்விடலாம். காரும் ஓர் அடிகூடப் பின்னால் போயிருக்காது. பூசாரியைக் கேட்டார்கள். அவரும் கொஞ்சம் யோசித்து, சாமியையே தூக்கிக்கொண்டுதானே போகிறோம் என்று சொல்லிவிட்டார். நாற்பது பேர் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

கங்காணியும் பவளமும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. கம்பெனியின் ஆள் கம்பெனியின் காரை விட்டு இறங்குவதாவது! ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

"நீங்களும் இறங்கிடுங்க. காரைத் தூக்குறதே அவங்களுக்குப் பெரிய பாடு" என்றாள் பவளம்.

"நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சாத்தான் கார் நேரா போகும்" என்றேன். (ஆகாயத்தில் போகும் காருக்கு.)

ஏலேலோ என்று ஒரு குரல். கார் எழும்பியது. மூக்கு திரும்பியது. முன்னால் பிடித்தவர்கள் சாக்கடைக்குள் இறங்கி, சேற்றில் கால் ஊன்றி நின்றார்கள். பாதி தாண்டியாயிற்று. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் துரையின் தலை வழுக்கை தெரிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. துரைக்கு மரியாதை செய்யலாமே என்று தொப்பியைக் கழற்றப் போனேன். பெரிய தொப்பி, கையிலிருந்து நழுவியது. பிடிக்கக் குனிந்தேன். முழங்கை ஹாரனில் அழுந்தியது.

டன்மோர் ஹாரனைப் பற்றி விளம்பரத்தில் போட்டிருந்தது அத்தனையும் உண்மை. எஞ்சின் பக்கத்தில் காதை வைத்திருந்த பதினாறு பேரும் ஒரே நேரத்தில் கையை விட்டார்கள். மான் முதலில் சாக்கடையில் பாய்ந்தது. பின்னால் கார். பின்னால் நான், கண்ணாடிக்கு மேலாக. எழுந்து பார்க்கும்போது முழங்கால் அளவு சேறு. (முழங்கால்தான்.) தொப்பி மட்டும் மேலே நனையாமல் பவளத்தின் கையில் இருந்தது.

சடக்கு காலியானதால் துரையின் கார் எங்களைக் கடந்து போனது. வேண்டுமென்றே மெதுவாகப் போன மாதிரி இருந்தது.

நான் அன்னாசிக் கத்தியை நினைத்துக்கொண்டேன். கோட்டுப் பையில் ஃபாரம் ஊறிக்கொண்டிருந்தது. கங்காணி சாக்கடை ஓரத்தில் நின்று வெகுநேரம் காரையே பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சேறு பட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பவளத்துக்குத் தெரிந்திருக்கிறது.

அவள்தான் பேசினாள். "அப்பா, துரைக்கும் வழி விட்டாச்சு. வண்டி விழுந்ததும் முன்னாலதான். துரை சொல்லும் தட்டல, அம்மனுக்குக் குடுத்த வாக்கும் கெடல. இப்பப் பின்னால இழுத்தீங்கன்னாத்தான் போச்சு."

கங்காணி நிமிர்ந்தார். "தம்பி, முன்னாலயே எடுக்கலாமா?"

நாற்பது பேரும் மறுபடி தோள் கொடுத்து, காரை எதிர்க்கரையில் ஏற்றினார்கள். ஹேண்டில் போட்டு மூன்றாம் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கே நம்பிக்கையில்லை. அங்கிருந்து அடுத்த பலகைப் பாலம் வரை சடக்கே இல்லை. இரண்டு வரிசைப் பால்மரங்களுக்கு நடுவே ஓட்டினேன். மட்கார்டு இடித்து, பால் வடிய மரங்களில் கட்டியிருந்த கோப்பைகள் ஒவ்வொன்றாக உடைந்தன. பின்னால் மேளம் அடித்துக்கொண்டு முந்நூறு பேர். ஒடிந்த மானைக் கையில் பிடித்தபடி கங்காணி வீட்டு வாசலில் இறங்கினார். ஃபாரத்தை அடுப்பங்கரையில் காயவைத்து, சுருண்டுபோன தாளில் கையெழுத்துப் போட்டார்.

துரை மறுநாள் உடைந்த கோப்பைகளைப் பார்த்தார். அதிலிருந்து ஒரு காரியம் நடந்தது. தூரத்தில் டன்மோர் வருவதைக் கண்டாலே அவர் அகலமான இடம் பார்த்துக் காரை ஒதுக்கி நிறுத்திவிடுவார். மரங்களைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் 'துரையே ஒதுங்கி வழி விடுகிற கார்' என்ற பேச்சு தோட்டம் தோட்டமாகப் பரவியது. சிம்பாங் ரெங்கத்திலிருந்தும், சாஆ பக்கமிருந்தும், கோத்தா திங்கியிலிருந்துகூடக் கங்காணிகள் கடைக்கு வந்து, அந்தக் காரைக் காட்டு என்றார்கள். தவுக்கே எனக்கு வேலையை நிரந்தரமாக்கினார். காரில் மட்டும் இனிமேல் உட்காராதே என்றார்.

ஆனால் ஞாயிறுதோறும் கங்காணியின் காரை நான்தான் ஓட்ட வேண்டியிருந்தது. கோஸ்தான் இல்லாமல் ஊரைச் சுற்றி வர வேறு எந்த டிரைவரும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கே போனாலும் வட்டமாகப் போய் வட்டமாக வருவோம். அந்த வட்டத்தில் நாற்பத்தெட்டு நாள் முடிவதற்குள் எனக்கும் பவளத்துக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. விரதம் முடிந்தது, ஆனால் கங்காணி முடிக்கவில்லை. இதுவரை நல்லதே நடந்திருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்று அப்படியே விட்டுவிட்டார்.

டன்மோரின் நல்ல காலம் சில வருஷம்தான். ரப்பர் விலை விழுந்தது. அமெரிக்காவில் கம்பெனிக்காரர்கள் பயந்துபோய், ஒரு வருஷம் விலை குறைந்த காரும் மறு வருஷம் பகட்டான காரும் விட்டுப் பார்த்தார்கள். நடுவில் நின்றதுதான் அதன் அழகு. அதை விட்டதும் இரண்டு பக்கத்து ஆட்களும் போய்விட்டார்கள். முதலில் ஸ்பேர் வரவில்லை. பிறகு கடிதம் வரவில்லை. கடைசியில் கம்பெனியே இல்லை என்று சிங்கப்பூரிலிருந்து ஆள் வந்து சொன்னான். தவுக்கே கடையைச் சைக்கிள் கடையாக்கினார், நான் சைக்கிள் விற்றேன். இன்றும் அந்தத் தொழிலில்தான் நிம்மதியாக இருக்கிறேன். சைக்கிளில் கோஸ்தான் கிடையாது.

மாமனாரின் கார் கடைசி மூச்சு விட்டபோது, குளுவாங்கிலிருந்து வந்த சீன மெக்கானிக் கியர்பெட்டியைப் பிரித்தார். முன்னால் போகிற பற்சக்கரங்கள் எல்லாம் கிழவன் பல் மாதிரி தேய்ந்து கிடந்தன. ஒன்றே ஒன்று, கோஸ்தான் சக்கரம், அமெரிக்காவில் எண்ணெய் தடவி வைத்த மாதிரி புத்தம்புதிதாக இருந்தது. "அலமாக்" என்று மலாயில் வியந்து, அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார் மெக்கானிக்.

பவளம் அதைத் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இன்றும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நான் தப்பு என்று தெரிந்தும் விடாமல் வாதாடுகிற நாளில், ஒரு வார்த்தை பேசமாட்டாள். சாப்பிடும்போது என் தட்டுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவந்து வைப்பாள். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிவார்கள். நான் சோற்றைப் பிசைந்தபடி, சரி, நீ சொன்னதுதான் சரி என்பேன். இத்தனை வருஷத்தில் அந்தச் சக்கரம் இப்போதுதான் கொஞ்சம் தேய ஆரம்பித்திருக்கிறது.