மூன்று மைல் படையெடுப்பு

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் இரண்டு கால்களையும் வெந்நீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு எழுதுவது. இங்கு நலம் என்று எழுதக் கை வரவில்லை. அங்கு உங்கள் தங்கை தெம்பாக இருப்பது நேற்று உங்களோடு போனில் பேசும்போதே தெரிந்தது. பின்னாலிருந்து என்னைத் திட்டிய குரல் கணீரென்று கேட்டது.

நடந்ததை என் வாயாலும் கேளுங்கள். நான் ஓய்வு பெற்றதும் கடற்கரைக்குப் போகலாம் என்றுதான் அவள் சொன்னாள். நான்தான், இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் ஒரு பேரரசன் யானைப்படையோடு போன வழியில் நாமும் போவோம் என்று, வீட்டிலிருந்த பழைய சரித்திரப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். 'கோட்டை வாசலிலிருந்து மூன்று மைல் நடந்தால் ஆறு. அக்கரையில் வெற்றித் தூண்' என்று அதில் தெளிவாக இருந்தது. மூன்று மைல்தானே என்று ஆட்டோவைத் திருப்பி அனுப்பினேன்; அரசன் போன மண்ணில் சக்கரம் படக்கூடாது என்று ஒரு பிரசங்கமும் செய்தேன்; ஆட்டோக்காரர் சிரித்தபோதே சுதாரித்திருக்க வேண்டும்; மூன்றாவது மைலில் ஆற்றுக்குப் பதில் செங்கல் சூளை இருந்தது, ஐந்தாவதில் உங்கள் தங்கையின் செருப்பு அறுந்தது, ஆறாவதில் என் செருப்பை அவளுக்குக் கொடுத்தேன் (இதை மட்டும் அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள்), ஏழாவதில் தண்ணீர் தீர்ந்தது, எட்டாவதில் நாய்கள் எங்களை எதிரிப்படை என்றே முடிவு கட்டிவிட்டன. அரசர்கள் யாரும் மனைவியை அழைத்துக்கொண்டு படையெடுக்காதது ஏன் என்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. பத்தாவது மைலில் பஞ்சர் ஒட்டுகிறவரிடம் ஆறு எங்கே என்று கேட்டேன்.

"ஆறா? அதுக்கு இன்னும் இருபது மைல் போகணுமே. நடந்தா வந்தீங்க?"

"இல்லைங்க, யானைல வந்தோம். இவர்தான் தளபதி" என்றாள் உங்கள் தங்கை. என்னைப் பற்றி அவள் மரியாதையாகச் சொன்ன கடைசி வார்த்தை அது. புத்தகத்தைப் பிடுங்கித் தன் பைக்குள் திணித்தாள். "முப்பதை மூணுன்னு அச்சடிச்ச மடையன் எவன்னு தெரிஞ்சு, அவன் என் கால்ல வந்து விழுற வரைக்கும் நான் வீட்டுக்கு வரப்போறதில்ல" என்று பஞ்சர்காரரிடம் அறிவித்துவிட்டு, உங்கள் ஊர்ப் பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டாள். என் செருப்போடு.

மச்சான், இதில் என் தவறு என்ன? அச்சில் வந்ததை நம்பியது குற்றமா? அந்த மடையன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும், உண்டு இல்லை என்று பார்த்துவிடுகிறேன். மூன்று நாளாக இந்த வீட்டில் என்னைத் திட்ட ஆளில்லை. சாப்பாடுகூட இறங்கவில்லை. நாலு நல்ல வார்த்தை சொல்லி அவளை அனுப்பி வையுங்கள். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்கள் குடும்பத்தார் அனைவரின் பாதங்களும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
வெறுங்காலோடு உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் 'மெய்ப்புத் திருத்தம்' என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் என் பெயர். அவள் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் கிழித்துவிடுங்கள். மூலத்தில் 'மூன்று காதம்' என்றுதான் இருந்தது. காதம் பழைய சொல்லாயிற்றே, பிள்ளைகளுக்குப் புரியாதே என்று, அச்சகத்தில் சேர்ந்த புதிதில் 'மைல்' என்று திருத்தினேன். ஒரு காதம் பத்து மைல் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒருவேளை அவள் ஏற்கெனவே படித்துவிட்டிருந்தால், மடையன் வியாழக்கிழமை முதல் வண்டியில் வருகிறான் என்று சொல்லுங்கள். காலை நீட்டி உட்காரட்டும்.