பாலிசிக்காரரின் பங்காளி நாடு

பாலக்கோடு தக்காளி மண்டிக்கு வந்து போகிறவர்களில் பாலிசிக்காரரைப் போல ஒரு வடிகட்டின முட்டாளை நான் பார்த்ததில்லை. பட்டப்பெயரைக் கேட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று நம்பி, பெண்டாட்டி பேரில் ஒன்று போடச் சொன்னவர்களும் உண்டு. அவரிடம் இருந்ததெல்லாம் தக்காளியும் ஃபாரின் பாலிசியும்தான்.

பக்கத்து நாட்டுக்கு நாம் ரோந்துக் கப்பல் கொடுத்ததாக டிவியில் வந்தால் போதும், மண்டியில் ஏலம் கூவுகிற என்னைப் பிடித்துக்கொள்வார்.

"சும்மா குடுக்கறதுன்னு நெனச்சீங்களா? நம்ம கப்பல வாங்குனவன் ரிப்பேருக்கும் நம்மகிட்டதான் வரணும். வேற எவன் கப்பலையும் அவன் துறைமுகத்துல வுட மாட்டான். அதாங்க பங்காளி நாடு!"

பார்ட்னர் என்பதற்கு அவர் கண்டுபிடித்த தமிழ் அது. எங்கள் பக்கத்தில் பங்காளி என்றால் வரப்பை வெட்டுகிறவன் என்று எத்தனை பேர் சொன்னாலும் அந்த மண்டையில் ஏறாது.

இத்தனைக்கும் அவருக்கே அப்படியொரு பங்காளி இருந்தார், பெரியப்பா மகன். எட்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அந்த அண்ணன் தன் நிலத்தின் வழியாக வண்டித் தடம் விட்டால் இவர் தக்காளி ஐந்து நிமிடத்தில் ரோட்டுக்கு வந்துவிடும். விடாததால் ஏரிக்கரையைச் சுற்றித் தலைச்சுமை.

போன சித்திரையில் பாலிசிக்காரர் ராணுவ உதவியில் இறங்கினார். டமார் என்று சத்தம் மட்டும் போடுகிற ஒரு பைப் துப்பாக்கி, குரங்கு விரட்ட வைத்திருந்தார். அதை டிராக்டர் டிரைவரிடம் பங்காளிக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்.

"பத்தே நாளு. தடம் நம்மளுது, பாருங்க."

பத்து நாளும் பங்காளி மனங்குளிரச் சுட்டார். அங்கிருந்த குரங்கெல்லாம் வரப்பைத் தாண்டி, பாலிசிக்காரரின் பழுத்த தக்காளியில் குடியேறின. விரட்ட இவரிடம் கைதட்டலைத் தவிர ஆயுதம் இல்லை. பாதி விளைச்சல் போனபிறகு, வெட்கத்தை விட்டு வரப்பில் நின்று தன் துப்பாக்கியையே இரவல் கேட்டிருக்கிறார்.

மறுநாள் மண்டிக்கு அரைக் கூடைத் தக்காளியோடு வந்தார். முகமெல்லாம் பல்.

"தடம் வுட்டாருங்களா?" என்றேன்.

"இல்லீங்க."

"துப்பாக்கியாவது?"

"அதுவும் இல்லீங்க. 'குடுத்தத திருப்பிக் கேக்கறியே, வெக்கமா இல்லியாடா'ன்னு கேட்டாருங்க."

"அப்புறம் எதுக்குங்க இந்த இளிப்பு?"

"எட்டு வருசம் கழிச்சு எங்கண்ணன் என்ன 'டா' போட்டுக் கூப்புட்டாருங்க."

நன்றாகத் திட்டத்தான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. அந்த முட்டாளை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.