சுடுதண்ணி வண்டி

"குர்ஷீ! யா அல்லா! குர்ஷீ, கொதிக்குது!"

வீட்டு வாசலில் நின்ற வேனுக்குள்ளிருந்து கிளம்பிய அலறல் பேகம்பூர்த் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். உள்ளே தலை நிறைய சோப்பு நுரையோடு சாகுல் ஹமீது குதித்துக்கொண்டிருந்தார். நிம்மதியாகக் குதிக்கவும் அங்கே இடமில்லை. நிமிர்ந்து நின்றாலே இரண்டு முழங்கையும் சுவரில் இடிக்கிற குளியலறை அது.

அதே வண்டியின் மறுகோடியில், குட்டிச் சமையல் மேடையில் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி குர்ஷித் பேகம், குழாயை மூடிவிட்டு நிதானமாகத் திரும்பினாள்.

"என்னங்க?"

"தண்ணி கொதிக்குது!"

"வெந்நின்னா சுடத்தான செய்யும்."

"இது குளிக்கிற சூடு இல்லம்மா. கோழி உரிக்கிற சூடு!"

"இப்பப் பாருங்க."

கையை நீட்டிப் பார்த்தார். பதமான வெதுவெதுப்பாக வந்தது. இதுதான் அவருக்கு ஆத்திரம். கொதித்துக்கொண்டே இருந்தாலாவது கோளாறு என்று சொல்லலாம். அலறி முடித்ததும் தண்ணீர் நல்ல பிள்ளையாகிவிட்டால் யார் நம்புவார்கள்?

சாகுல் ஹமீது இளவட்டத்தில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு அடித்தவர். கல்யாணமான புதிதில் குர்ஷித்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகப் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். அப்புறம் பிள்ளைகள் பிறந்தார்கள், லாரிகளும் பெருகின. அவர் ரோட்டிலும் அவள் வீட்டிலுமாகக் காலம் ஓடிப்போனது. இப்போது லாரிகளை மகன் ஃபாரிஸ் பார்த்துக்கொள்கிறான்.

சும்மா இருந்தால் கை கால் மரத்துப்போகிற ஆள் சாகுல். பழைய டூரிஸ்ட் வேன் ஒன்றைப் பிடித்து, வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு பட்டறையில் விட்டு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கீசர், ஷவர் என்று எல்லாம் வைத்துக் குடித்தனம் நடத்துகிற மாதிரி ஆக்கிவிட்டார். பழைய ரூட்டிலேயே பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு வரைக்கும் பெண்டாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவை போய்வர வேண்டும். வேறு எந்த ஆசையும் அவருக்கு மிச்சமில்லை.

குர்ஷித் ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள்.

"வாரேன். ஆனா கண்ட லாட்ஜுலயும் போய் என்னால குளிக்க ஏலாது. வண்டிலயே வெந்நி ஒழுங்கா வரணும். அது சரியான அன்னைக்கிக் கெளம்புவோம்."

அதனால்தான் இந்தச் சோதனைக் குளியல்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தவரின் முதுகில் குர்ஷித் தேங்காய் எண்ணெய் தடவினாள். கொப்புளம் ஒன்றும் இல்லை. லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். இருந்தாலும் எண்ணெய் தடவுவது சுகமாக இருந்ததால் சாகுல் முகத்தைச் சுளித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"அப்பல்லாம் ஷவரா, கீசரா, ஃபாரிஸ் அம்மா? உடுமலை தாண்டி பெட்ரோல் பங்குக்குப் பின்னாடி ஒரு தொட்டி. நீ குளிப்ப. நான் போர்வைய மறைப்பாப் புடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி நிப்பேன்."

"எங்க நின்னீக? நிமிசத்துக்கு ஒருக்கா கத்துவீகல்ல."

"தக்காளி லோடு வீணாப் போயிரும்ல!"

"என்னான்னு கத்துவீக?"

"என்னான்னு கத்துனேன்... சீக்கிரம் வான்னுதான் கத்தியிருப்பேன்."

குர்ஷித் அவர் முதுகிலிருந்து கையை எடுத்தாள். எண்ணெய்ப் பாட்டிலை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

அன்று சாயங்காலமே சாகுல் கீசரின் சூட்டைப் பாதியாகக் குறைத்தார். மறுநாள் காலையில் துண்டும் கையுமாக உள்ளே போனார். முதலில் இதமாகத்தான் வந்தது. பழைய ஞாபகத்தில் விசில் கூட அடித்தார். குர்ஷித் பால் சட்டியை வெந்நீரில் கழுவலாம் என்று வேனுக்குள் ஏறிய நேரம், ஷவரில் ஐஸ் கொட்டியது.

"குர்ஷீ! குர்ஷீ! பல்லு கிட்டிக்குது!"

"நேத்துக் கொதிக்குதுன்னீக?"

"அது நேத்து!"

பட்டறையில் பைப் வேலை பார்த்த கிளெமென்ட்டை வரவழைத்தார். அவன் தண்ணீரைத் திறந்து, உள்ளங்கையை நீட்டி, செத்த நேரம் அப்படியே நின்றான்.

"ரைட்டாத்தான வருது பாய்."

"ஒனக்கு வரும். எனக்கு வராது. ஆளப் பாத்து வருதுப்பா அது."

"நீங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் போயி அரை இஞ்சு வாஷர் வாங்கிட்டு வாங்க. அதுக்குள்ள நான் முழுசாப் பாத்துர்றேன்."

சாகுல் வாஷர் வாங்கித் திரும்பியபோது கிளெமென்ட் வேன் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். குர்ஷித் பக்கத்தில் நின்றிருந்தாள். இவர் தலையைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்ன தம்பி, கோளாறக் கண்டுபுடிச்சிட்டியா?"

கிளெமென்ட் குர்ஷித்தைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"அது... கொஞ்சம் நாள் ஆகும் பாய். பொறுமையாத்தான் பாக்கணும்."

பொறுமை சாகுலின் பரம்பரையிலேயே கிடையாது. தண்ணீருக்கு வேகம் போதவில்லை, அதுதான் குறை என்று அவரே முடிவு கட்டினார். தொட்டியிலிருந்து தண்ணீரைத் தள்ளுகிற மோட்டாரைக் கழற்றி வீசிவிட்டு, தோட்டத்துக்கே பாய்ச்சுகிற மாதிரி பெரிய மோட்டார் ஒன்றைத் தானே மாட்டினார். குழாயைத் திறந்தார். ஷவர் தலை பிய்த்துக்கொண்டு போய் எதிர்ச்சுவரில் அடித்து அவர் நெற்றியில் திரும்பி விழுந்தது. இரண்டு பைப்பிலும் மூட்டு விட்டுப்போய்த் தண்ணீர் பீய்ச்சியது. ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கிளெமென்ட்டுக்குப் போன் போட்டார்.

"தம்பி! வண்டியே கொளமாகுது! எத மூட?"

"பதறாதீங்க பாய். மொதல்ல பச்ச பைப்ப மூடுங்க. பச்ச!"

கிளெமென்ட் சொன்னது பச்சை நிறப் பைப்பை. வெந்நீருக்குப் பச்சை நிறப் பைப் போடுவது அவன் தொழில் வழக்கம். சாகுலுக்கு அது எங்கே தெரியும்? காய்ச்சாத தண்ணீருக்குப் பச்சைத் தண்ணி என்றுதான் அவர் வீட்டில் பேர். ஆகவே பச்சைத் தண்ணீர் வருகிற வெள்ளைப் பைப்பைத் தேடிப்பிடித்து, முழு பலத்தையும் போட்டு மூடினார். மிச்சமிருந்தது வெந்நீர் மட்டும்தான்.

"குர்ஷீ! போச்சு! குர்ஷீ, மெத்தைய எடு! ஏ குர்ஷீ!"

வீட்டுக்குள்ளிருந்து மருமகள் ருக்ஸார் பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"மாமி, மாமாவுக்கு என்னாச்சு?"

குர்ஷித் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேனுக்கு வெளியே நின்றாள். தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர்.

"ஒண்ணுமில்லம்மா. மாமா குளிக்காக."

வேன் கதவில் தொப்பலாக நின்ற சாகுல் இதைப் பார்த்துவிட்டார். நெற்றியில் வீங்கியிருந்தது கூட அவருக்கு வலிக்கவில்லை. இந்தச் சிரிப்பு வலித்தது.

மத்தியானம் கிளெமென்ட் வந்து மோட்டாரைக் கழற்றிப் பழையதை மாட்டினான். மெத்தை மதில்மேல் காய்ந்துகொண்டிருந்தது. சாகுல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குர்ஷித் மூவருக்கும் டீ கொண்டுவந்தாள். அவர் தம்ளரைத் தொடவில்லை.

"ஃபாரிஸ் அம்மா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. ஒனக்கு எங்கூட வர இஷ்டமில்ல. அதான?"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? வெந்நி வெந்நின்னு ஒரு சாக்கு. நான் உள்ள வெந்து சாகுறேன், நீ வெளிய நின்னு சிரிக்கிற. புதுசாக் கட்டிக்கிட்ட காலத்துல தக்காளிக் கூடைக்கு நடுவுல உக்காந்து பாலக்காடு வரைக்கும் சிரிச்சுக்கிட்டே வந்தவ நீ. அந்தப் புள்ளையத்தான் இந்த வண்டில ஏத்திக்கிட்டுப் போலாம்னு பாத்தேன். அது எங்க போச்சோ தெரியல."

குர்ஷித்துக்கு முகம் சுருங்கிவிட்டது. என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் கிளெமென்ட் நிற்பதைப் பார்த்து, வெட்கப்பட்டு, அடக்கிக்கொண்டாள்.

"தப்பு எம்மேலதான்" என்றார் சாகுல். "அம்புட்டு வருசமும் ரோட்டுலயே கெடந்துட்டு, இப்ப வந்து கூடக் கெளம்புன்னா யாருக்குத்தான் மனசு வரும்? பழனில பஞ்சாமிர்தக் கடைக்காரர் ஒருத்தர் வண்டியக் கேட்டாரு. நாளைக்கே வரச் சொல்லப்போறேன். கொடுத்துட்டு நிம்மதியா இருப்போம்."

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நம்பரைத் தேட ஆரம்பித்தார். கண் கலங்கியிருந்ததால் நம்பர் சரியாகத் தெரியவில்லை. குர்ஷித் டீ தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கிளெமென்ட்டைப் பார்த்தாள். அவன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"அம்மா, கோவிச்சுக்காதீக, இதுக்கு மேல என்னால முழுங்க முடியாது" என்றவன் சாகுல் பக்கம் திரும்பினான். "பாய், போன வைங்க. அடுப்படிக் குழாயத் தொறந்தா ஷவர்ல சூடு மாறும், கோளாறு அம்புட்டுத்தான். ஒரு சின்ன வால்வு போட்டா முடிஞ்சுது. இத மொத நாளே நான் அம்மாட்டச் சொல்லிட்டேன். அவுகதான், 'இப்பச் சரி பண்ணிராத தம்பி, இத்தன வருசங் கழிச்சு, இந்தக் குழாயத் தொறந்தாத்தான் அவுக வாயில எம் பேரு வருது'ன்னாக."