வெர்னன் எழுதாத கடிதம்

ஹார்வி ஸ்பிரிங்ஸ் ஊரின் செய்தித்தாளை இரங்கல் பக்கம் வரைக்கும் இரண்டு தடவை படித்தும், கத்தரித்து எடுக்க ஒரு வசவுகூட வெண்டலுக்குக் கிடைக்கவில்லை.

"அவங்க கோச் என்னதான் சொல்லியிருக்கான்?" என்றார் கோச் கிரேடி.

"ஓக்டேல் பசங்க ஒழுக்கமானவங்களாம். அவங்க மைதானத்துல வந்து ஆடுறது பெருமையாம்."

"அயோக்கியப் பய!" கிரேடி மேஜையைக் குத்தினார். "இப்படி மரியாதையா பேசித் தொலைச்சா, நான் எதை வச்சு நம்ம பசங்களுக்கு ரோஷம் ஏத்துறது?"

எதிரணிக்காரன் வாய் தவறிச் சொன்ன ஏளனத்தைக் கத்தரித்து, உடை மாற்றும் அறையின் பலகையில் குத்திவைப்பது, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் எல்லாரும் செய்வதுதான். பையன்கள் அதைப் படித்துப் படித்துக் கொதிப்பார்கள். ஓக்டேல் அணியோ வரிசையாக ஆறு ஆட்டம் தோற்றிருந்தது. இந்தச் சனிக்கிழமை சொந்த மைதானத்தில் ஹார்வி ஸ்பிரிங்ஸிடமும் தோற்றால் கிரேடிக்குச் சீட்டுக் கிழிந்துவிடும். ஹெல்மெட், ஜெர்சி எல்லாவற்றையும் இருபத்திரண்டு வருஷமாகப் பராமரித்துவரும் வெண்டலுக்கும் கூடவே கிழியும். அந்த அறையின் வியர்வை நாற்றம் இல்லாமல் மனிதருக்குப் பொழுது விடிந்ததே இல்லை.

"சாயந்திரத்துக்குள்ள எனக்கு ஒரு திட்டு வேணும், வெண்டல்," என்று சொல்லிவிட்டு கிரேடி போய்விட்டார்.

கிடைக்காததைத் தயாரிப்பது என்று வெண்டல் முடிவு செய்தார். கணினி முன்னால் உட்கார்ந்து, ஹார்வி ஸ்பிரிங்ஸ் ரசிகன் ஒருவன் எழுதியதுபோல் ஒரு கடிதம் அடித்தார். 'உங்கள் பையன்கள் சினை மாடு மாதிரி ஓடுகிறார்கள். பந்தைப் பிடிக்கச் சொன்னால் சளி பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.' கீழே வாய்க்கு வந்த ஒரு பெயர்: வெர்னன் ஸ்டோல்ட்ஸ்.

பையன்கள் பலகையைச் சுற்றிக் கூடினார்கள். நூற்று முப்பது கிலோ லானி நிதானமாகப் படித்தான்.

"இதுல பொய் ஒண்ணும் இல்லியேண்ணே," என்றான்.

"ஆமாண்ணே. ஆளு நம்ம ஆட்டத்தை நல்லா கவனிச்சிருக்கார்," என்றான் இன்னொருவன்.

வெண்டலுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. "ஒரு பக்கம் விட்டுப்போச்சு," என்று ஓடிப்போய் இன்னொரு வரி அடித்துக்கொண்டு வந்தார். 'உங்கள் அம்மாக்கள் சுடும் சோள ரொட்டி சுத்தியலால் அடித்தாலும் உடையாது.'

லானியின் முகம் சிவந்தது. "எங்கம்மா ரொட்டியையா சொன்னான்?"

பலகையைப் படம் பிடித்து அவன் அம்மாவுக்கு அனுப்பினான். அம்மா ஊருக்கே அனுப்பினாள். மறுநாள் மதியத்துக்குள், வருஷம் முழுக்கப் பாதி காலியாகக் கிடந்த மைதானத்துக்கு ஒரு டிக்கெட் பாக்கியில்லை. கிரேடி வெண்டலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வெண்டலும் மிதந்துகொண்டுதான் இருந்தார், உள்ளூர் வானொலிக்காரன் வாயைத் திறக்கும்வரை.

"நேயர்களே, அந்த வெர்னன் ஸ்டோல்ட்ஸைக் கண்டுபிடிச்சுட்டோம்! ரிட்டயர்டு போஸ்ட்மேன். இப்ப நம்மகூட லைன்ல இருக்கார்."

வெண்டல் துடைத்துக்கொண்டிருந்த ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். அந்தப் பக்கம் பாதிப் பேர் ஸ்டோல்ட்ஸ் என்பதை யோசிக்காமல் போனோமே! 'நான் எழுதவில்லை' என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். குட்டு உடைந்து, சனிக்கிழமைக்கு முன்னாலேயே வேலை போய்விடும்.

"சார், அந்த லெட்டரை எழுதினது நீங்களா?"

வெண்டல் வானொலியில் காதை வைத்தார்.

"ஆமா, நான்தான்," என்றது ஒரு கிழக்குரல். "ரொட்டி விஷயத்துல கொஞ்சம் குறைச்சு எழுதிட்டேன். சனிக்கிழமை நேர்ல வரேன், சுத்தியலோட."

வெண்டல் நாற்காலியில் அப்படியே சரிந்தார். மனசு கேட்கவில்லை, எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தார்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. அந்த லெட்டரை எழுதினது நான்தான்."

"தம்பி, நான் கஷ்டப்பட்டு எழுதினதை நீ எழுதினேங்கிறியா? வெக்கமா இல்ல?" என்று போனை வைத்துவிட்டார் வெர்னன்.

சனிக்கிழமை அவர் சொன்னபடியே வந்தார். தலையில் ஹார்வி ஸ்பிரிங்ஸின் சிவப்புத் தொப்பி, ஒரு கையில் சோள ரொட்டி, மறு கையில் சுத்தியல், பக்கத்தில் மனைவி மேவிஸ். ஓக்டேல் அம்மாக்கள் பல்லைக் கடித்தார்கள். இந்தக் கிழவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பாவம் தனக்குத்தானே என்று வெண்டல் தவித்துப்போனார். இரண்டு காவலர்களைக் கெஞ்சி அவர் பக்கத்தில் நிறுத்தினார். இவருக்குக் காவல் வேறா என்று கூட்டம் இன்னும் கொதித்தது.

ஆட்டம் தொடங்கியது. ஹார்வி ஸ்பிரிங்ஸ் கைக்குப் பந்து போகும்போதெல்லாம் வெர்னன் எழுந்து நின்று ரொட்டியைச் சுத்தியலால் தட்டினார். உடனே ஊரே காட்டுக்கத்தலாகக் கத்தியது. அந்த இரைச்சலில் எதிரணிப் பையன்களுக்குத் ஆட்டத்தை நடத்தும் தங்கள் குவார்ட்டர்பேக் கொடுக்கும் தொடக்கக் குரல் காதில் விழவில்லை. குரலுக்கு முன்னாலேயே ஒருவன் பாய்ந்தான், ஐந்து கஜம் பின்னால் போக அபராதம். அடுத்தவன் பாய்ந்தான், இன்னொரு ஐந்து கஜம். ஓக்டேலிடம் பந்து வந்ததும் கிழவர் உட்கார்ந்து காப்பி குடித்தார். கூட்டமும் தொண்டைக்கு ஓய்வு கொடுத்தது. வயசாகிவிட்டது, மூச்சு வாங்குகிறதுபோல என்று வெண்டல் பரிதாபப்பட்டார்.

பதினேழுக்குப் பதினாலு. ஓக்டேல் ஜெயித்தது! லானி குழந்தை மாதிரி அழுதான். கல்லூரித் தலைவர் இறங்கி வந்து கிரேடியின் கையைப் பிடித்து, "அடுத்த வருஷமும் நீங்கதான்," என்றார். வெண்டலுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்க முடியவில்லை. தன்னால் ஊரார் வாயில் விழுந்த அந்த மனிதரிடம் ஒரு மன்னிப்பாவது கேட்க வேண்டும் என்று வண்டிகள் நிற்கும் இடத்துக்கு ஓடினார்.

காருக்குள் வெர்னன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். மேவிஸ் வெளியே நின்று சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அவர் அந்த லெட்டரை எழுதவே இல்ல. சத்தியமா நான்தான் எழுதினேன்," என்றார் வெண்டல்.

"தெரியும் தம்பி. இவருக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட நான்தான் எழுதிக் கொடுக்கணும்."

"என்னால இவ்வளவு அவமானம். இப்ப உங்க டீமும் தோத்துப்போச்சு, பாவம், அழறார்…"

"தோத்ததுக்கு யார் அழறா?" என்றாள் மேவிஸ். "என்னைக் கட்டிக்கிட்டு எங்க ஊருக்குக் குடிவந்தாரே தவிர, மனுஷன் காலேஜ்ல ஆடினதெல்லாம் உங்க ஓக்டேலுக்குத்தான்."